கட்டி போனது, கால் ஏன் வரவில்லை?

பத்து வயதுப் பூனை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மதில்மேல் தாவுவதை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டது. வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பிறகு பின்னங்கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கி, பாதத்தின் மேற்புறம் தரையில் உரச நடக்க ஆரம்பித்தது. இடுப்பில் கை வைத்தால் சீறியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தால், முதுகெலும்புக்குள் ஒரு கட்டி தண்டுவடத்தை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்தாகிவிட்டது என்று மருத்துவர் வெளியே வந்து சொன்னார். ஆனால் முந்தைய நாள்வரை தள்ளாடியாவது நடந்த பூனையால் மறுநாள் எழுந்து நிற்கவே முடியவில்லை.

நெருக்கிய கட்டி போய்விட்டதே, கால்கள் நேற்றைவிட நன்றாக அல்லவா இருக்க வேண்டும்? தண்டுவட அறுவை சிகிச்சைக்குப் பிறகு பூனை வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். விடை தெரியாமல் பயந்துபோய், நான்கே நாளில் பூனையைக் கருணைக்கொலைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அதில் சில பூனைகள் மூன்று வாரத்தில் நடந்திருக்கக்கூடும். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பூனையின் கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 13, இடுப்பில் 7, அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன 3 என முள்ளெலும்புகள் வரிசையாக இருக்கின்றன. வால் எலும்புகள் தனிக்கணக்கு. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் ஒரு துளை உண்டு. துளைகள் அடுத்தடுத்து அமைந்து ஒரு குழாய் ஆகிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அந்தக் குழாய்க்குள் ஓடுகிறது. மனிதருக்குத் தண்டுவடம் இடுப்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும்தான். பூனைக்கோ அது இடுப்புக்கூட்டை ஒட்டிய எலும்புவரை நீள்கிறது. மனிதருக்கு நரம்பு வேர்களை மட்டும் தொடும் ஒரு கீழ்முதுகுக் கட்டி, பூனைக்குத் தண்டுவடத்தையே தொடுகிறது.

குழாயின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு நிலக்கடலையை உடைத்துப் பார்த்தால் போதும். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே செந்நிறத் தோல், தோலுக்குள் பருப்பு. ஓடுதான் முள்ளெலும்பு. தோல், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள வன்னுறை. பருப்பு, தண்டுவடம். கட்டி மூன்று இடங்களில் முளைக்கலாம். ஓட்டிலேயோ ஓட்டுக்கும் தோலுக்கும் நடுவிலோ வந்தால் அது உறைக்கு வெளியே உள்ள கட்டி. பூனைகளுக்குத் தண்டுவடத்தில் அதிகமாக வரும் நிணநீர்ப் புற்றான லிம்போமா பெரும்பாலும் இங்கேதான் வரும். எலும்புப் புற்றும் இந்த வகைதான். தோலுக்கும் பருப்புக்கும் நடுவே வருவது உறைக்குள், ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே உள்ள கட்டி. உறையிலிருந்தே மெதுவாக வளரும் மெனிஞ்சியோமா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது, பருப்புக்குள்ளேயே வளர்வது. கத்தி எளிதில் எட்டாத இடம் அது. முதல் இரண்டு வகைகளில் அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கட்டிக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே ஓர் எல்லை கிடைக்கிறது. மூன்றாவதில் அந்த எல்லையே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எந்த வகையானாலும் ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே எது பெரிதானாலும் அதற்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டியது மென்மையான பருப்புதான்.

நல்ல கால்நடை மருத்துவர் ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன்பே கட்டி எந்தப் பகுதியில் இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவார். கையில் ஒரு சிறு சுத்தியலும் ஓர் இடுக்கியும் போதும். முன்னங்கால்கள் நன்றாக இருந்து பின்னங்கால்கள் மட்டும் தளர்ந்திருந்தால், கோளாறு முன்னங்கால்களுக்கான நரம்புகள் பிரியும் இடத்துக்குக் கீழே. அடுத்து முழங்காலின் கீழே சுத்தியலால் தட்டுவார். கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார். இந்தத் துள்ளலுக்கான சுற்று இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலேயே முடிந்துவிடுகிறது, மூளைக்குப் போய்வர வேண்டியதில்லை. இதுதான் அனிச்சைச் செயல். கட்டி அந்தச் சுற்று இருக்கும் இடத்திலேயே இருந்தால் சுற்று அறுந்து துள்ளல் போய்விடும். கட்டி அதற்கு மேலே நெஞ்சுப் பகுதியில் இருந்தால் சுற்று பிழைத்துக்கொள்ளும். மேலிருந்து வரும் மூளையின் கட்டுப்பாடு மட்டும் அறுவதால் துள்ளல் வழக்கத்தைவிட வேகமாகக்கூட வரும். இரண்டு பூனைகளுக்கும் பின்னங்கால் வராது. ஆனால் ஒன்றின் முழங்கால் துள்ளும், மற்றதன் முழங்கால் துள்ளாது. ஒரு தட்டில் கட்டியின் இருப்பிடம் பாதி தெரிந்துவிடுகிறது.

இடுக்கிச் சோதனை இன்னும் நுட்பமானது. பின்னங்கால் விரலின் எலும்பை இறுக்கிப் பிடித்தால் பூனை காலை இழுத்துக்கொள்ளும். அப்பாடா, உணர்வு இருக்கிறது என்று வீட்டுக்காரர் நிம்மதி அடைவார். மருத்துவர் அப்போது காலைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். பூனை திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கண்பாவை விரிகிறதா, கடிக்க வருகிறதா? கால் இழுபடுவது வெறும் அனிச்சையாக இருக்கலாம், தண்டுவடம் முழுவதும் அறுந்த விலங்கிலும் அது நடக்கும். வலி மூளைவரை போனால்தான் முகம் மாறும். ஆழ்வலி உணர்வு என்று இதைச் சொல்வார்கள். அது மிஞ்சியிருந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கும் வாய்ப்பு கணிசமாக உண்டு. அதுவும் போய்விட்டால் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. இந்தத் துறையில் இத்தனை கனமான முடிவுகளை இத்தனை எளிய சோதனை தாங்கி நிற்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

அனிச்சையையும் உணர்வையும் பிரித்துப் பார்க்கும் இந்த அறிவு பெருமளவு பூனைகளிடமிருந்தே வந்தது. இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன், மூளையின் மேற்பகுதி துண்டிக்கப்பட்ட பூனைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தன் முடிவுகளை 1906-ல் நூலாக வெளியிட்டார், 1932-ல் நோபல் பரிசு பெற்றார். உடலின் உறுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே அறியும் உணர்வுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். தமிழில் அதை நிலையுணர்வு எனலாம். அந்த ஆய்வுகளுக்காகப் பல பூனைகள் உயிர்விட்டன. இன்று ஒரு வீட்டுப்பூனையின் காலைத் தட்டிப் பார்த்து நோய் அறிவதன் பின்னால் அந்தக் கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஸ்கேன் இல்லாத காலத்தில் அறிகுறிகளை மட்டும் நம்பித் தண்டுவடக் கட்டியை எடுத்த முதல் வெற்றிகரமான அறுவை சிகிச்சை 1887 ஜூன் மாதம் லண்டனில் நடந்தது. கால்கள் செயலிழந்த ஒரு ராணுவ அதிகாரியை நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் சோதித்து, நெஞ்சுப் பகுதியில் கட்டி இருக்கிறது என்று கணித்தார். அறுவை சிகிச்சை நிபுணர் விக்டர் ஹார்ஸ்லி திறந்தார். குறித்த இடத்தில் ஒன்றுமில்லை. இன்னும் மேலே எலும்பை எடுத்துக்கொண்டே போனபோது கட்டி அகப்பட்டது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. ஓராண்டுக்குள் நோயாளி நடமாடினார். குறித்த இடத்துக்கு மேலே கட்டி இருந்தது ஏன்? தோலின் ஒவ்வொரு பட்டையையும் ஒரே ஒரு நரம்பு வேர் மட்டும் கவனிப்பதில்லை, மேலும் கீழும் உள்ள வேர்களும் பங்கு போடுகின்றன. ஒரு வேர் கெட்டாலும் அண்டை வேர்கள் ஈடுகட்டுவதால், மரத்துப்போகும் எல்லை கட்டியைவிடக் கீழேதான் தெரியும். இந்தப் பங்கீட்டைப் பின்னர் விலங்குகளில் விரிவாக வரைந்து காட்டியவரும் ஷெரிங்டனே.

இன்று எம்.ஆர்.ஐ. இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. ஆனால் அது காட்டுவது இடத்தையும் வடிவத்தையும்தான். கட்டியின் பெயரை உறுதியாகச் சொல்ல ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெயர் முக்கியம், ஏனென்றால் லிம்போமா என்றால் கத்தியைவிடக் கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் முன்னே வருகின்றன. லிம்போமா தண்டுவடத்தோடு நிற்பதும் குறைவு. சிறுநீரகத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் கூடவே இருக்கும். ஆகவே முதுகைத் திறப்பதற்கு முன் வயிற்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. எளிதில் எட்டும் சிறுநீரகத்திலிருந்தே விடை கிடைத்துவிடலாம்.

லிம்போமாவுக்குப் பின்னால் ஒரு வைரஸும் இருக்கக்கூடும். ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்கு லிம்போமா வந்ததைக் கண்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் அதைத் தேடிப்போனார்கள். 1964-ல் கட்டியில் வைரஸ் துகள்களைக் கண்டார்கள். பூனை லுக்கீமியா வைரஸ் என்று அதற்குப் பெயர். எச்சில் வழியாகப் பரவும். ஒன்றையொன்று நக்குவதிலும், ஒரே தட்டில் சாப்பிடுவதிலும், தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். தண்டுவட லிம்போமா வந்த இளம் பூனைகளில் பெரும்பாலானவற்றிடம் இந்த வைரஸ் இருந்ததைப் பழைய ஆய்வுகள் காட்டின. பரிசோதனையும் தடுப்பூசியும் பரவிய நாடுகளில் அந்த வைரஸ் குறைந்தது. லிம்போமாவும் இளம் பூனைகளிலிருந்து வயதான பூனைகளுக்கும், பெரும்பாலும் குடலுக்கும் நகர்ந்துவிட்டது. நம் ஊரில் பூனை ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் தூங்கும். வெளியே போய்வரும் பூனைக்கு இந்தத் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைப்பது அவசியம்.

ஸ்டீராய்டு பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னங்கால் தளர்ந்த பூனைக்கு ஊசி போட்டதும் இரண்டே நாளில் எழுந்து நடந்தது என்று கேள்விப்படுவோம். நீர்வீக்கம் வடிவதாலும் இருக்கலாம், லிம்போமா அணுக்களை ஸ்டீராய்டு நேரடியாகவே கொல்வதாலும் இருக்கலாம். அந்த முன்னேற்றம் சில வாரம்தான். அதற்குள் எடுத்த துணுக்கில் புற்றணுக்கள் அகப்படாமல் போகலாம், பின்னால் கொடுக்கும் கீமோவுக்கும் கட்டி பணியாமல் போகலாம். பெயர் தெரிவதற்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம் என்று மருத்துவர்கள் தயங்குவது அதனால்தான்.

எல்லாப் பின்னங்கால் தளர்ச்சியும் கட்டியால் வருவதில்லை. பூனை திடீரென்று அலறி, நிமிடங்களில் பின்னங்கால் இரண்டும் விழுந்து, பாதங்கள் சில்லென்று இருந்து, நகத்தின் அடிப்பகுதி நீலம் பாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி பின்னங்கால் தமனியை அடைத்த நிலை. மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. கட்டி அழுத்தும் பூனையின் பாதம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். தொட்டுப் பார்த்தே வீட்டில் அறியக்கூடிய வேறுபாடு இது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அழுத்தம் தண்டுவடத்தை என்ன செய்கிறது?

மெதுவாக வளரும் கட்டியைத் தண்டுவடம் ஆச்சரியப்படத்தக்க அளவுக்குத் தாங்கும். மெனிஞ்சியோமா மாதக்கணக்கில் வளர்ந்து தண்டுவடத்தைப் பட்டையாக அழுத்தியிருந்தாலும் பூனை நடந்துகொண்டிருக்கும். அதே அளவு அழுத்தம் ஒரே நிமிடத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் மோதலில் வந்தால், அத்தோடு முடிந்துவிடும். வேகம்தான் தீர்மானிக்கிறது. மெதுவாக வரும் அழுத்தத்தில் முதலில் சிரைகள் நசுங்கி ரத்தம் தேங்குகிறது, திசுவில் நீர் கோக்கிறது. பிறகு நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறை உரிகிறது. உறை உரிந்த இழையில் செய்தி தடுமாறும், நின்றும்போகும். அதன்பிறகும் அழுத்தம் தொடர்ந்தால் இழையே அறுகிறது.

எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. தடித்த, உறை கனமான இழைகள் முதலில் கெடுகின்றன. நிலையுணர்வைக் கொண்டுபோவது அவைதான். அதனால்தான் பூனை முதலில் பாதம் மடங்கியபடி நடக்கிறது. பாதம் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பின்னர் கால்களை விரும்பியபடி அசைக்கும் திறன் போகும். அப்புறம் சிறுநீர்க் கட்டுப்பாடு, கடைசியாக ஆழ்வலி. அதைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, பல இடங்களில் பரந்து கிடப்பவை. எந்த வரிசையில் போனதோ அதற்கு நேர்மாறாகத்தான் திரும்பி வரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதலில் வலி உணர்வும் சிறுநீர்க் கட்டுப்பாடும் வரும், பிறகு கால் அசைவு, கடைசியில் நிலையுணர்வு. நன்றாக நடக்கும் பூனை மாதக்கணக்கில் அவ்வப்போது பாதத்தை மடக்கி வைப்பது இதனால்தான். மீள்வதில் அது ஒரு படி.

அறுவை மேசையில் நடப்பதையும் பார்த்துவிடுவோம். முதுகுத்தசைகளை எலும்பிலிருந்து விலக்கி, முள்ளெலும்பின் கூரையை அல்லது பக்கச்சுவரைச் சிறு துளைக்கருவியால் அணு அணுவாகத் தேய்த்து எடுப்பார்கள். தேய்க்கும்போது சூடு ஏறாமல் குளிர்ந்த உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். எலும்புக் குழாயின் தரையில் மெல்லிய சுவருள்ள சிரைகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று கிழிந்தால் சிறிய உடம்பில் ரத்தம் வேகமாகக் குறையும். நான்கு கிலோ பூனையின் மொத்த ரத்தம் ஏறக்குறைய கால் லிட்டர்தான். உறைக்கு உள்ளே இருக்கும் கட்டியானால் உறையை நீளவாக்கில் கீறித் திறந்து, தண்டுவடத்தைத் தொடாமலே கட்டியைப் பிரித்தெடுக்க வேண்டும். தொடாமல் என்று எழுதுவது எளிது. மாதக்கணக்கில் நசுங்கி, ரத்த ஓட்டம் குன்றி, மயலின் உரிந்து நிற்கும் தண்டுவடத்துக்கு மிக மென்மையான விலக்கல்கூட ஓர் அடிதான்.

மறுநாள் கால் ஏன் மோசமாகிறது என்பதன் முதல் காரணம் இந்த அடி. இரண்டாவது காரணம் ரத்தம் திரும்பி வருவது. நெடுநாள் ரத்தம் குன்றியிருந்த திசுவுக்குள் திடீரென்று ஆக்சிஜனோடு ரத்தம் பாயும்போது, வேதியியல் ரீதியில் மூர்க்கமான மூலக்கூறுகள் உருவாகி அணுச்சுவர்களைத் தாக்குகின்றன, நுண்குழாய்கள் கசிந்து தண்டுவடம் மேலும் வீங்குகிறது. மீளோட்டச் சேதம் என்று இதைச் சொல்லலாம். மாரடைப்பில் தமனியைத் திறந்த இதயத்திலும், பக்கவாதத்தில் மூளையிலும் நடப்பது இதுவே. இந்த வீக்கம் சில நாளில் வடியும்.

அதன்பிறகும் கால் உடனே வராது. இங்கேதான் மூன்று வகைச் சேதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுத்தத்தால் செய்தி மட்டும் நின்றுபோன இழைகள் சில மணி நேரத்திலோ நாட்களிலோ விழிக்கும். மயலின் உரிந்த இழைகளுக்கு மறுபடி உறை போட வேண்டும், அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அறுந்த இழைகள் தண்டுவடத்துக்குள் மறுபடி வளர்வதில்லை. ஒரு பூனைக்கு இந்த மூன்றும் என்னென்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை ஸ்கேன் முழுமையாகச் சொல்லாது. காலம்தான் சொல்லும்.

மறுபடி போட்ட உறை உண்மையிலேயே வேலை செய்யுமா என்பதற்குக் கிடைத்த மிக அழகான சான்று எதிர்பாராமல் பூனைகளிடமிருந்தே வந்தது. கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்த உணவைச் சினைப்பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிலவற்றுக்கு மாதங்களில் நடை தள்ளாடியது, செயலிழப்பும் பார்வைக் கோளாறும் வந்தன. வழக்கமான உணவுக்கு மாற்றியதும் மெல்ல மெல்ல மீண்டன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயன் டங்கன் குழுவினர் அவற்றின் தண்டுவடத்தை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். நரம்பிழைகள் அறுபடாமல் இருந்தன. உரிந்த இடங்களில் புதிய மயலின் படிந்திருந்தது. பழையதைவிட மெல்லியது, ஆனால் பூனை நடக்க அது போதுமாக இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த பூனைக்காக வாரக்கணக்கில் காத்திருப்பதை வெறும் நம்பிக்கை என்று யாராவது சொன்னால், நான் இந்த ஆய்வைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. அறுவை முடிந்து விழித்தபோது ஓரளவு கால் அசைத்த பூனை, சில மணி நேரம் கழித்துப் படிப்படியாக மோசமாகிக்கொண்டே போனால், உள்ளே ரத்தம் கசிந்து தேங்கி மறுபடி அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மறு ஸ்கேன், தேவைப்பட்டால் மறு திறப்பு. வீக்கத்தால் வரும் தளர்ச்சி ஓர் அளவில் நின்று பின் குறையும், ரத்தத் தேக்கம் நிற்காது. முதல் இரண்டு நாள் சில மணிக்கு ஒருமுறை கால்களைச் சோதித்து எழுதி வைப்பது இதைப் பிடிப்பதற்காகவே. கழுத்துப் பகுதிக் கட்டி என்றால் கால்களோடு மூச்சையும் பார்க்க வேண்டும். உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது. வீக்கம் அங்கே ஏறினால் பூனையின் மூச்சு ஆழமிழக்கும்.

ஆனால் வீட்டுக்கு வந்தபின் பூனையைத் தோற்கடிப்பவை பெரும்பாலும் காலோடு தொடர்பில்லாத இரண்டு உறுப்புகள். சிறுநீர்ப்பையும் ஈரலும்.

நெஞ்சுப் பகுதியில் தண்டுவடம் கெட்ட பூனைக்குச் சிறுநீர்ப்பையின் வாய் இறுகிவிடும். பை நிரம்பும், திறக்காது. நிரம்பி வழியும்போது சில சொட்டு கசியும், படுக்கை நனைந்திருக்கும். பூனை சிறுநீர் கழித்துவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் பை ஆரஞ்சுப்பழம்போல உப்பியிருக்கும். அப்படியே விட்டால் பையின் தசை நீண்டு தன் சுருங்கும் திறனை இழக்கும், தேங்கிய நீரில் கிருமி வளரும், சிறுநீரகத்துக்கும் ஏறும். கால்கள் மீண்ட பிறகும் பை மீளாமல் போகலாம். அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கையால் அழுத்திக் காலி செய்ய வேண்டும். பூனையைப் பக்கவாட்டில் நிறுத்தி, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே வயிற்றின் இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்து, பையை உணர்ந்து, சீராக, பின்னோக்கி அழுத்துவது. குத்துவதுபோல் அழுத்தினால் பை கிழியலாம். வாய் மிகவும் இறுகியிருந்தால் தளர்த்தும் மாத்திரையோ குழாயோ வேண்டும். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் மருத்துவர் முன்னிலையில் வீட்டில் ஒருவராவது இதைச் செய்து பழகிவிட வேண்டும். இடுப்புக்குக் கீழ்ப்பகுதி கெட்ட பூனைக்கு நேரெதிர். வாய் தளர்ந்து சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், தோல் புண்ணாகும்.

ஈரல் பூனைக்கே உரிய ஆபத்து. நாய் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் தாங்கிவிடலாம். பூனை, அதிலும் பருத்த பூனை, சில நாள் சாப்பிடாவிட்டால் உடம்பின் கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் பாய்ந்து அங்கேயே படிகிறது. அவ்வளவையும் கையாள ஈரலால் முடியாமல் மஞ்சள் காமாலை வருகிறது. வலி, பயம், பழக்கமில்லாத கூண்டு, மருந்தின் குமட்டல் எல்லாம் சேர்ந்து அறுவைக்குப் பிறகு பூனையைச் சாப்பிட விடாது. முதுகில் வெற்றிகரமாக அறுவை முடிந்த பூனை ஈரலால் சாகக்கூடும். இரண்டாவது நாளும் தட்டு தொடப்படாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உணவுக்குழாயில் மெல்லிய குழாய் வைத்து ஊட்டுவதைப் பலர் கொடுமை என்று நினைக்கிறார்கள். பூனைகள் அதை நன்றாகவே பொறுத்துக்கொள்கின்றன.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. அந்த மருந்தைக் கழிவாக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு வேலை செய்வதில்லை. ஒரே ஒரு மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, ஈறுகளைப் பழுப்பாக்கி, பூனையைக் கொன்றுவிடும். பூனைக்கேற்ற வலிமருந்துகள் தனியாக உண்டு. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும் பூனைக்கு அழற்சியைக் குறைக்கும் வகை வலிமருந்தையும் சேர்த்தால் குடல் புண்ணாகிக் கிழியும் அபாயமும் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வன்னுறையைத் திறந்த இடத்தில் தண்டுவட நீர் கசிந்து தோலுக்கடியில் மெத்தென்று வீங்கலாம், பெரும்பாலும் தானாக வற்றும். கிருமி தொற்றலாம். எலும்பை அதிகம் எடுக்க நேர்ந்தால் முள்ளெலும்புகள் நிலைகுலையலாம், அதற்காகத் திருகாணி வைத்து நிறுத்துவார்கள். மாதங்கள் கழித்துத் தழும்புத்திசு மறுபடி தண்டுவடத்தை நெருக்கலாம். கட்டியே திரும்பி வரலாம். மெனிஞ்சியோமா போன்றவற்றை எடுத்த பூனைகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கின்றன. எலும்புப் புற்று போன்ற வீரியமானவற்றில் பெரும்பாலும் மாதக்கணக்குதான். அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன்னரே மருத்துவர் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், நாமும் கேட்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றி ஒன்று. 1911-ல் தாமஸ் கிரகாம் பிரவுன், தண்டுவடம் மூளையிலிருந்து துண்டிக்கப்பட்ட பூனையின் பின்னங்கால் தசைகள் உணர்வுச் செய்தி ஏதுமில்லாமலே நடைக்குரிய தாளத்தில் மாறி மாறிச் சுருங்குவதைக் காட்டினார். நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. 1987-ல் கனடாவின் மான்ட்ரியாலில் பார்போ, ரோசிஞோல் இருவரும், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை நகரும் பட்டைமேல் வாரக்கணக்கில் பழக்கி, பின்னங்கால்களால் உடம்பைத் தாங்கி நடக்கவைத்தார்கள். இன்று அறுவை முடிந்த பூனையின் வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, பாதங்களைத் தரையில் சரியாக வைத்து நடக்கவைப்பதன் பின்னால் அந்தச் சோதனைகள் இருக்கின்றன. ஆழ்வலி திரும்பாத சில பூனைகளும் மாதங்கள் கழித்து இப்படித் தடுமாறியபடி நடக்கின்றன. அது தண்டுவடத்தின் தாளம், மூளையிலிருந்து வரும் ஆணை அங்கே போவதில்லை. அப்படி நடக்கும் பூனைக்கும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சிறுநீர்ப்பையைக் கையால்தான் காலி செய்ய வேண்டியிருக்கும். பாதங்களில் காயம் பட்டாலும் அதற்குத் தெரியாது. தினமும் விரலிடுக்குகளைப் பார்க்க வேண்டும்.